பழைய லேப்டாப் வாங்கும் முன் ப்ராசசரின் முழுப்பெயரைப் படியுங்கள்

நண்பர் ஒருவர் இரண்டு விற்பனை விளம்பரங்களை அனுப்பி, "எதை எடுக்கலாம்?" என்று கேட்டார். ஒன்றில் "ஐ7, 2.7 ஜிகாஹெர்ட்ஸ்" என்று போட்டிருந்தது. இன்னொன்றில் "ஐ5, 1.6 ஜிகாஹெர்ட்ஸ்". விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஐ7 பெரியது, 2.7-உம் பெரியது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கணக்கு. கொஞ்சம் பொறுங்கள், விற்கிற இருவரிடமும் ப்ராசசரின் முழுப்பெயரைக் கேளுங்கள் என்றேன். சாயங்காலம் பதில் வந்தது. முதலாவது ஐ7-7500யூ, இரண்டாவது ஐ5-8250யூ.

அந்த இரண்டு பெயர்களும் கையில் கிடைத்ததும் கதை தலைகீழாகிவிட்டது. ஐ7-7500யூ 2016-இல் வந்தது, அதில் இருப்பது இரண்டே கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை). ஐ5-8250யூ அடுத்த வருடம் வந்தது, அதில் நான்கு கோர், எட்டு த்ரெட். விளம்பரத்தில் இருந்த 1.6 என்பது அடிப்படை வேகம் மட்டுமே. வேலை வந்தால் அது 3.4 வரை ஏறும். ஐ7 ஏறுவது 3.5 வரை. அதாவது ஒற்றைக் கோர் வேகத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம், ஆனால் வேலை செய்யும் கைகள் ஐ5-இல் இரண்டு மடங்கு. போதாததற்கு, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலில் ஐ5-8250யூ இருக்கிறது, ஐ7-7500யூ இல்லை. நண்பர் ஐ5-ஐ வாங்கினார்.

பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் ரேமைக் கூட்டலாம், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம், பேட்டரியையும் மாற்றலாம். ப்ராசசரை மட்டும் மாற்ற முடியாது. இன்டெல்லின் 5வது தலைமுறையிலிருந்து வழக்கமான லேப்டாப்களில் ப்ராசசர் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டே வருகிறது. அதனால்தான் மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

முதல் வேலை: முழுப்பெயரைக் கேட்டு வாங்குவது

"கோர் ஐ5" என்பது குடும்பப் பெயர் மாதிரி. 2010-இல் வந்த ஐ5-உம் ஐ5, 2022-இல் வந்த ஐ5-உம் ஐ5. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணும், அந்த எண்ணோடு ஒட்டிவரும் எழுத்தும் வேண்டும்.

விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. எங்கே பார்ப்பது என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியூ (ப்ராசசரின் இன்னொரு பெயர்) என்பதைத் தொட்டால் வலது மேல் மூலையில் முழுப்பெயர் இருக்கும். கீழே அடிப்படை வேகம், எத்தனை கோர், எத்தனை லாஜிக்கல் ப்ராசசர் (அதாவது த்ரெட்), எவ்வளவு கேஷ் (ப்ராசசருக்குள் இருக்கும் சிறு நினைவகம்) எல்லாம் இருக்கும். அந்த ஒரு திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதி வேலை முடிந்தது.

கைவைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறது, யாரும் எதிலும் ஒட்டலாம்.

இன்டெல் எண்ணைப் பிரித்துப் படிப்பது

எண்ணின் தொடக்கம் தலைமுறையைச் சொல்லும். 2 முதல் 9 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால் அந்த முதல் இலக்கமே தலைமுறை. 4510யூ நான்காவது, 8250யூ எட்டாவது. எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 10210யூ பத்தாவது, 1135ஜி7 பதினொன்றாவது, 1235யூ பன்னிரண்டாவது. 1235 என்பதைப் பார்த்துவிட்டு "முதல் தலைமுறை, 235" என்று படித்து ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையான முதல் தலைமுறை லேப்டாப் ப்ராசசர்களுக்கு ஐ5-520எம் போல மூன்றே இலக்கம்தான். அவற்றை இன்று வாங்கக் காரணமே இல்லை.

இதில் இரண்டு திருப்பங்களை மட்டும் மனதில் வையுங்கள். முதல் திருப்பம் எட்டாவது தலைமுறை. அதற்கு முன்பு வரை பெயர் யூ என்று முடிந்தால் ஐ5 ஆனாலும் ஐ7 ஆனாலும் இரண்டு கோர்தான். எட்டாவதில்தான் யூ வகை ஐ5-உம் ஐ7-உம் நான்கு கோருக்கு மாறின. பழைய லேப்டாப் தேடுகிறவர்களுக்கு நான் தரையில் கோடு போட்டுக் காட்டும் இடம் இதுதான். 7-க்கும் 8-க்கும் நடுவில் இருப்பது ஒரு வருட வித்தியாசம் போலத் தெரியும், பயன்படுத்தும்போது அது பெரிய படி.

இரண்டாவது திருப்பம் பன்னிரண்டாவது தலைமுறை. அங்கே பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை கலந்து வர ஆரம்பித்தன. ஐ5-1235யூ பத்து கோர் என்று போட்டிருக்கும். அதில் இரண்டுதான் பெரியவை, எட்டு சிறியவை. ஐ5-1240பி-யில் பெரியவை நான்கு, சிறியவை எட்டு. இரண்டின் எண்ணும் ஏறக்குறைய ஒன்று, கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. "பத்து கோர்" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு பழைய ஆறு கோரோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

பத்தாவது தலைமுறையில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. 10210யூ என்று ஐந்து இலக்கத்தில் ஒரு வரிசை, 1035ஜி1 என்று ஜி எழுத்தோடு இன்னொரு வரிசை. இரண்டும் வேறு வேறு வடிவமைப்பு. ஜி-க்குப் பின்னால் வரும் எண் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸின் பலத்தைக் காட்டும். ஜி1-ஐ விட ஜி7 நல்லது.

கடைசி எழுத்து ஏன் இவ்வளவு முக்கியம்

யூ என்றால் பொதுவாக 15 வாட் அளவில் ஓடும் மெல்லிய லேப்டாப் ப்ராசசர். ஹெச் என்றால் 45 வாட். கேமிங், வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கானது, கூடவே சூடும் எடையும் ஃபேன் சத்தமும் வரும். பழைய மாடல்களில் ஹெச்க்யூ, எம்க்யூ என்று பார்த்தால் அந்த க்யூ நான்கு கோரைக் குறிக்கிறது. பி என்பது நடுவில், 28 வாட்.

ஒய் என்ற எழுத்தைக் கண்டால் நின்று நிதானமாகப் பாருங்கள். இன்டெல்லின் ஆறாவது தலைமுறையில் கோர் எம்3, எம்5, எம்7 என்று ஃபேன் இல்லாத மிக மெல்லிய லேப்டாப்களுக்காக ஒரு வரிசை இருந்தது. ஏழாவது தலைமுறையில் எம்5, எம்7 என்ற பெயர்களை எடுத்துவிட்டு அவற்றுக்கும் ஐ5, ஐ7 என்றே பெயர் வைத்தார்கள். ஐ5-7ஒய்54, ஐ7-7ஒய்75 எல்லாம் அந்த வம்சம். 4.5 வாட், இரண்டு கோர். விளம்பரத்தில் "ஐ7, ஏழாவது தலைமுறை" என்று மட்டும் இருந்தால் அது 7ஒய்75-ஆகவும் இருக்கலாம், 7700ஹெச்க்யூ-வாகவும் இருக்கலாம். இரண்டாவது, நான்கு கோர் கொண்ட 45 வாட் ப்ராசசர். இரண்டையும் ஒரே பெயரில் விற்க முடிகிறது என்பதே முழு எண்ணைக் கேட்கப் போதுமான காரணம்.

ரைசன்: பெரிய எண் என்றால் புதியது என்று நினைக்க வேண்டாம்

ஏஎம்டியின் ரைசன் ப்ராசசர்கள் பழைய லேப்டாப் சந்தையில் நல்ல தேர்வு. நிறையப் பேர் இன்டெல் பெயரை மட்டுமே தேடுவதால் இவை கண்ணில் படாமல் போய்விடுகின்றன. ஆனால் எண்களைப் படிப்பதில் இன்டெல்லை விட இங்கே கவனம் அதிகம் தேவை.

ரைசன் 5 5500யூ, ரைசன் 5 5600யூ. நூறு எண் வித்தியாசம்தான், இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ஆனால் 5500யூ-வின் உள்ளே இருப்பது ஸென் 2 வடிவமைப்பு, 5600யூ-வில் அதைவிடப் புதிய ஸென் 3. அதுபோலவே 5700யூ-வும் ஸென் 2, 5800யூ ஸென் 3. ஒரே வரிசைக்குள் இரண்டு தலைமுறைகள்.

7000 வரிசை வந்ததும் ஏஎம்டியே எண்ணுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிட்டது: மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பு. 7520யூ என்றால் மூன்றாவது இலக்கம் 2, அது ஸென் 2. 7530யூ ஸென் 3. 7840யூ ஸென் 4. எனவே 7520யூ-வையும் 5600யூ-வையும் பக்கத்தில் வைத்தால், பெரிய எண் கொண்ட 7520யூ-வில் நான்கு கோர் ஸென் 2, சிறிய எண் கொண்ட 5600யூ-வில் ஆறு கோர் ஸென் 3. நான் கண்ணை மூடிக்கொண்டு 5600யூ-வைத்தான் எடுப்பேன். இதைத் தெரியாமல் "7000 வரிசை, லேட்டஸ்ட்" என்ற ஒரு சொல்லுக்கு அதிகம் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ரைசன் 3 என்று வந்தால் கோர் எண்ணிக்கையைத் தனியாகச் சரிபாருங்கள். 3250யூ இரண்டு கோர், 4300யூ நான்கு கோர்.

பெயரைப் பார்த்ததுமே தள்ளி வைக்கக்கூடியவை

இன்டெல்லின் செலரான் என்4020, இரண்டு கோர், இரண்டு த்ரெட், 6 வாட். இதில் நாலைந்து டேப் திறந்து வைத்து ஒரு வீடியோ அழைப்பில் பேசினால் திணறும். ஏஎம்டி ஏ9-9425 என்ற பெயரோடு வரும் லேப்டாப்பில் 3.1 ஜிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். நம் ஐ5-8250யூ-வின் 1.6-ஐப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் அது ரைசனுக்கு முந்தைய வடிவமைப்பு, இரண்டே கோர். ஐ5 அதை எல்லா வகையிலும் தாண்டிவிடும். வடிவமைப்பு வேறாக இருக்கும்போது ஜிகாஹெர்ட்ஸை வைத்து ஒப்பிடவே முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதே போல ஏ4, ஏ6, இ1, இ2 என்று தொடங்கும் ஏஎம்டி பெயர்களும். இன்டெல்லின் பென்டியத்தில் சில்வர், கோல்டு என்று இரண்டு உண்டு, கோல்டு கொஞ்சம் தேவலாம். இன்டெல்லில் என்100 என்று ஒன்று 2023-இல் வந்தது, நான்கு சிறிய கோர், எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் போதும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

டாஸ்க் மேனேஜரில் மாடல் எண் இருக்க வேண்டிய இடத்தில் 0000 என்று பூஜ்யங்களாக இருந்தால் அது விற்பனைக்கு வராத சோதனைப் பிரதி. வாங்காதீர்கள்.

ஒப்பிடுவது

இப்போது உங்கள் கையில் இரண்டு மூன்று முழுப்பெயர்கள் இருக்கும். இன்டெல் என்றால் அந்த நிறுவனத்தின் 'ஆர்க்' தளத்தில் பெயரைத் தேடுங்கள். ஏஎம்டி என்றால் அவர்கள் தளத்தின் விவரப் பக்கம். நான் ஒரு தாளில் ஐந்தை மட்டும் எழுதிக்கொள்வேன்: வெளிவந்த வருடம், கோரும் த்ரெட்டும், அதிகபட்ச வேகம், வாட், எவ்வளவு ரேம் வரை ஏற்கும். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது மதிப்பெண். பாஸ்மார்க், கீக்பெஞ்ச், சினிபெஞ்ச் ஆகிய மூன்று வேகச் சோதனைகளில் ஏதாவது ஒன்றில் இரண்டு பெயர்களையும் பாருங்கள். ஒற்றைக் கோர் மதிப்பெண், எல்லாக் கோரும் சேர்ந்த மதிப்பெண் என்று இரண்டு இருக்கும். பிரவுசர், வேர்டு, எக்செல் போன்ற அன்றாட வேலையில் சுறுசுறுப்பாகத் தோன்றுவதற்கு ஒற்றைக் கோர் மதிப்பெண்தான் காரணம். வீடியோ ஏற்றுமதி, புரோகிராம் கம்பைல் செய்வது, ஒரே நேரத்தில் பத்து வேலை என்றால் மொத்த மதிப்பெண். உங்கள் வேலை எது என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நூற்றுக்குப் பத்து வித்தியாசத்துக்கெல்லாம் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள், கையில் அது தெரியாது. அதே பதிப்பின் மதிப்பெண்ணோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கீக்பெஞ்ச் 5-இன் எண்ணையும் கீக்பெஞ்ச் 6-இன் எண்ணையும் பக்கத்தில் வைத்தால் அர்த்தமே இல்லை.

மதிப்பெண்ணில் தெரியாத விஷயங்கள் இரண்டு. ஒன்று விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட இன்டெல்லில் எட்டாவது தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், ஓரிரு விதிவிலக்குகள் தவிர. ரைசன் 5 2500யூ பட்டியலில் இல்லை, 3500யூ இருக்கிறது. பழையதிலும் குறுக்குவழியில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். "விண்டோஸ் 11 ஓடுகிறதே" என்று விற்பவர் காட்டினால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ப்ராசசரின் பெயரை மைக்ரோசாஃப்ட் பட்டியலில் தேடுங்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடப் போகிறீர்கள் என்றால் இந்தக் கவலையே இல்லை, அப்போது ஆறாவது, ஏழாவது தலைமுறைகளில் நல்ல பேரம் படியும்.

இன்னொன்று வீடியோ. சுருக்கப்பட்ட வீடியோவை விரித்துக் காட்ட ப்ராசசருக்குள் தனிப் பகுதி இருக்கிறது. வீடியோவைச் சுருக்கிய முறை அந்தப் பகுதிக்குத் தெரியாவிட்டால் வேலை முழுக்கக் கோர்களின் தலையில் விழும், ஃபேன் அலறும், பேட்டரி கரையும். விபி9, 10-பிட் ஹெச்இவிசி என்ற சுருக்க முறைகள் இரண்டும் இன்டெல்லில் ஏழாவது தலைமுறையிலிருந்து முழுதாகக் கையாளப்படுகின்றன. ஏவி1 பதினொன்றாவதிலிருந்து.

ஆப்பிள் லேப்டாப் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த ப்ராசசரான எம்1 வந்தது. அதற்கு முந்தைய இன்டெல் மேக்குகளுக்கு 2025-இல் வந்த டஹோதான் கடைசி மேக்ஓஎஸ் என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது, அதிலும் சில மாடல்களுக்குத்தான். எம்1-ஐத் தேடுங்கள்.

நேரில் பார்க்கும்போது

பெயர் நல்ல பெயராக இருந்தாலும், பல வருடம் ஓடிய இயந்திரம் அந்தப் பெயருக்குரிய வேகத்தைக் கொடுக்கிறதா என்பது தனிக் கேள்வி. குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். ஒரு பென் டிரைவில் சினிபெஞ்ச் ஆர்23-ஐ முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போங்கள். எஃப்2, எஃப்10, டெலீட் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பொத்தான். அங்கே ப்ராசசரின் பெயர் இருக்கும். விண்டோஸில் காட்டும் பெயரை அதன் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) மாற்றி எழுதிவிட முடியும், பயாஸில் அவ்வளவு சுலபமில்லை. பயாஸ் பாஸ்வேர்டு கேட்டு, அது விற்பவருக்குத் தெரியாது என்றால் அங்கேயே விலகிவிடுங்கள்.

பிறகு விண்டோஸுக்குள் வந்து, சார்ஜரைச் செருகி, டாஸ்க் மேனேஜரின் சிபியூ பக்கத்தைத் திறந்து ஓரமாக வைத்துக்கொண்டு சினிபெஞ்சை ஓட்டுங்கள். ஆர்23 தானாகவே பத்து நிமிடம் ஓடும். அந்தப் பத்து நிமிடமும் 'ஸ்பீட்' என்ற எண்ணை மட்டும் பாருங்கள். ஐ5-8250யூ என்று வைத்துக்கொள்வோம். முதல் சில நொடிகள் 3 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும். ஃபேன் சத்தம் எழும், எண் மெதுவாக இறங்கும். இறங்கி, 2.2, 2.4 என்று ஏதோ ஓரிடத்தில் நிலைத்தால் சரி, மெல்லிய லேப்டாப்பின் இயல்பு அது. அடிப்படை வேகமான 1.6-க்கும் கீழே போய்ப் போய் வந்தால் சூடு வெளியேறவில்லை என்று பொருள். தூசு அடைத்திருக்கலாம், ப்ராசசர் மேல் பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கலாம். இரண்டும் சரிசெய்யக்கூடியவைதான், ஆனால் அந்தச் செலவைப் பேரத்தில் சேர்த்துவிடுங்கள். ஃபேனே சுற்றவில்லையென்றால் அது வேறு கதை.

எண் 0.4 அல்லது 0.8-இல் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டால் பதற வேண்டாம், முதலில் சார்ஜரைப் பாருங்கள். சில லேப்டாப்கள் தனக்குரிய சார்ஜர் இல்லை என்று கண்டால் ப்ராசசரைத் தாமே அடக்கி வைத்துவிடும். சரியான சார்ஜரைப் போட்டும் அப்படியே இருந்தால் கோளாறு மதர்போர்டில் இருக்கலாம்.

ஓட்டம் முடிந்ததும் வரும் மதிப்பெண்ணை, அதே ப்ராசசருக்கு ஆர்23-இல் மற்றவர்கள் எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரே ப்ராசசர் இரண்டு லேப்டாப்களில் ஒரே வேகத்தில் ஓடாது. 8250யூ-வை லேப்டாப் தயாரிப்பவர் 10 வாட்டிலும் அமைக்கலாம், 25 வாட்டிலும் அமைக்கலாம். அதனால் கொஞ்சம் கூடக் குறைய வருவது சகஜம். பாதிக்குப் பாதி என்றால்தான் யோசிக்க வேண்டும்.

கிளம்பும் முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிறைந்திருக்கிறது என்று அங்கே இருக்கும். இரண்டில் ஒன்று காலி என்றால் இன்னொரு ரேம் போடலாம், அதனால் ரைசனின் உள் கிராஃபிக்ஸ் வேகமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும். சில மெல்லிய மாடல்களில் பற்றவைத்த ரேமையும் ஸ்லாட் என்றே காட்டும். எனவே அந்த லேப்டாப்பின் மாடல் பெயரை வைத்து அதன் சர்வீஸ் மேனுவலில் உறுதிசெய்துகொண்டு பணத்தைக் கொடுங்கள்.